மேஜிக் ட்ரிக் விற்பவர் செய்துகாட்டி விற்க வேண்டுமா?

செருப்பு வாங்கப் போனால் போட்டு நாலடி நடந்து பார்க்கலாம். மேஜிக் ட்ரிக் வாங்குபவருக்கு அந்த வசதி கிடையாது. உள்ளே இருப்பதைக் காட்டிவிட்டால் விற்பவருக்கு விற்க எதுவும் மிஞ்சாது. காட்டாவிட்டால் வாங்குபவர் கண்ணை மூடிக்கொண்டு காசைக் கொடுக்க வேண்டும். பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1962-லேயே இந்தச் சிக்கலைச் சொல்லியிருக்கிறார்: ஒரு தகவலின் மதிப்பு அது தெரிந்த பிறகுதான் வாங்குபவருக்குப் புரியும், ஆனால் தெரிந்துவிட்ட பிறகு அதற்குக் காசு எதற்கு? அவர் பேசியது கண்டுபிடிப்புகளைப் பற்றி. மேஜிக் வியாபாரத்துக்கும் அது அச்சு அசலாகப் பொருந்துகிறது.

இதற்கு நடுவழியாக வந்ததுதான் டெமோ. ரகசியத்தை மறைத்துவிட்டு, அதனால் நடக்கும் அதிசயத்தை மட்டும் காட்டுவது. கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு காட்டுவது, எந்தக் கோணத்தில் காட்டுவது, யாருக்குக் காட்டுவது என்று வரும்போது விற்பவர்களுக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை. ஒன்றுமே காட்டக் கூடாது என்பவர்கள் உண்டு. முப்பது விநாடி டிரெய்லர் போதும் என்பார்கள் சிலர். வெட்டு ஒட்டு இல்லாத முழு வீடியோ போட வேண்டும் என்பார்கள் வேறு சிலர். நேரில் கையில் பிடித்துச் செய்துகாட்டினால்தான் அது வியாபாரம் என்பது பழைய ஆட்களின் கட்சி. நான் வாங்கும் பக்கத்தில் நிற்பவன், சீட்டு, காசு, கயிறு என்று சின்ன மேஜிக் செய்பவன். அந்தப் பக்கத்துச் சாய்வு இங்கே இருக்கும். அப்புறம், எந்த ட்ரிக்கின் குட்டையும் இதில் உடைக்கப் போவதில்லை.

எழுத்தில் மட்டும் விவரிப்பது

வீடியோ வருவதற்கு முன்னால் பெரும்பாலான விற்பனை இப்படித்தான் நடந்தது. லண்டனில் 1898-ல் தொடங்கிய டேவன்போர்ட்ஸ், நியூயார்க்கில் 1925-ல் தொடங்கிய டானன்ஸ் போன்ற கடைகள் இருக்கும் ஊரில் வசித்தவர்கள் நேரில் போய்ப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு விலைப்பட்டியல் புத்தகம்தான் கதி. ஒரு கோட்டோவியம், கீழே ஒரு பத்தி வர்ணனை, அவ்வளவே.

அந்த வர்ணனைக்கென்று ஒரு தனி மொழி உண்டு, அது இன்றும் சாகவில்லை. ‘கைத்திறன் தேவையில்லை’, ‘சுற்றிலும் ஆட்கள் நின்றாலும் செய்யலாம்’, ‘பார்வையாளர் கையில் கொடுத்துச் சோதிக்கச் சொல்லலாம்’. ஒவ்வொன்றும் எழுத்தளவில் உண்மையாகவே இருக்கும். சோதிக்கலாம்தான், ஆனால் ஆரம்பத்தில் மட்டும். வித்தை முடிந்த பிறகு கேட்டால் கொடுக்க முடியாது. கைத்திறன் தேவையில்லைதான், ஆனால் முன்னேற்பாடு அரை மணி நேரம். பொய் சொல்லாமலே ஏமாற்றுவதற்கு எழுத்தைப் போல் வசதியான இடம் வேறு இல்லை. மேஜிக் விற்பவர்களுக்கு அந்தக் கலை பிறவியிலேயே கொஞ்சம் கைவந்திருக்கும்.

எழுத்து போதுமான இடங்களும் உண்டு. வெறும் கயிறு, ஸ்பாஞ்ச் பந்து, செப்படி வித்தைக்கான கிண்ணங்கள் போன்ற சாமான்களுக்கு டெமோ எதற்கு? அளவும் பொருளின் தன்மையும் சொன்னால் போதும். அதை வைத்து என்ன செய்வது என்று வாங்குபவருக்கே தெரியும். புத்தகங்களுக்கும் அப்படியே.

டிரெய்லர்

இன்று சந்தையை ஆள்வது இதுதான். நல்ல இசை, இரவுத் தெரு, வாயைப் பிளக்கும் முகங்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்கலாம்.

ஒருவர் உள்ளங்கையில் காசு வைத்திருக்கிறார். கையை மூடுகிறார். கேமரா எதிரில் நிற்கும் பெண்ணின் முகத்துக்குப் போகிறது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார். கேமரா திரும்பி வருகிறது, கை திறக்கிறது, காசு இல்லை. அலறல். சரி, மறுபடி பாருங்கள். முதல் ஷாட்டில் மணிக்கட்டில் கடிகாரம் பளிச்சென்று தெரிகிறது. இரண்டாவது ஷாட்டில் சட்டைக்கை கீழே இறங்கி அதை மூடியிருக்கிறது. நடுவில் எவ்வளவு நேரம் போனது? அந்தக் கை எங்கே போய்விட்டு வந்தது? காசு மறைந்ததா, இல்லை படத்தொகுப்பில் மறைந்ததா? வாங்கப் போகிறவருக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அந்த வெட்டுக்குள் கிடக்கிறது.

டிரெய்லரின் கோளாறு அது அழகாக இருப்பதில் இல்லை, விளம்பரம் அழகாக இருந்தால் யாருக்கு என்ன? செய்பவருக்கு வேலை இருக்கும் இடங்களாகப் பார்த்து வெட்டப்படுவதில்தான் கோளாறு. ஒரு ட்ரிக்கை வாங்குபவர் உண்மையில் வாங்குவது அந்த வேலையைத்தான்: முன்னேற்பாடு, பொருளை ஒளித்து வைத்திருக்கும் கையை மறைக்கும் நொடி, எந்தப் பக்கம் ஆள் நிற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு, முடிந்த பின் சாமானை அப்புறப்படுத்துவது, அடுத்த மேஜைக்குப் போவதற்குள் மறுபடி தயார்செய்வது. டிரெய்லரில் இருப்பது அத்தனையும் இவை போக மிச்சம்.

இதற்கு மிகப் பிரபலமான உதாரணம் விற்பனை வீடியோவே அல்ல. பால்டூச்சி மிதப்பு என்று ஒரு வித்தை உண்டு, 1974-ல் அச்சில் வெளியானது. செய்பவர் தரையிலிருந்து சில அங்குலம் எழும்புவதுபோல் தெரியும், அதுவும் சில விநாடிகள், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நிற்கும் ஒரு சின்னக் கும்பலுக்கு மட்டும். 1997-ல் அமெரிக்க மேஜிக் கலைஞர் டேவிட் பிளேனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தெருவில் நின்றவர்களுக்கு அவர் செய்துகாட்டியது இதுதான். அவர்களுடைய அதிர்ச்சி நிஜம். ஆனால் திரையில் அந்த முகங்களோடு சேர்த்து ஒட்டப்பட்டது, வேறு ஏற்பாட்டில் எடுத்த, அதைவிட நன்றாக உயர எழும்பும் காட்சி. தொலைக்காட்சியில் அது பொழுதுபோக்கு, விட்டுவிடலாம். அந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு ‘மிதக்கும் ரகசியம்’ என்று விலைகொடுத்து வாங்கியவரின் கையில் கிடைப்பது சில அங்குலமும் ஒரே கோணமும்.

இங்கே இரண்டு வகை ஏமாற்றங்களைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். உறையைப் பிரித்ததும் ‘அட, இவ்வளவுதானா?’ என்று வருவது முதல் வகை. அது தவிர்க்க முடியாதது, அதற்காக யாரும் வருத்தப்படவும் தேவையில்லை. நல்ல ட்ரிக்குகளில் பல உள்ளே மிகச் சாதாரணமானவை. சாதாரணமாக இருப்பதால்தான் கை நடுங்காமல் செய்ய முடிகிறது. ‘அட, இது அதுவே இல்லையே!’ என்று வருவது இரண்டாவது வகை. வீடியோவில் பார்த்தது ஒன்று, பெட்டியில் வந்தது வேறொன்று. முதல் வகையைக் காட்டி இரண்டாவதுக்குச் சப்பைக்கட்டு கட்டுவது இந்த வியாபாரத்தில் நெடுநாள் பழக்கம். ஒரு கடையில் புகார் சொன்னபோது, “ரகசியம் தெரிஞ்சிட்டா எல்லாருக்கும் அப்படித்தான் சார் இருக்கும்” என்று எனக்குப் பதில் வந்தது. நான் ரகசியத்தைப் பற்றிப் பேசவே இல்லை. வீடியோவில் அரைக்கைச் சட்டையோடு செய்தவர், அனுப்பிய செய்முறையில் கோட்டு போட்டால்தான் நடக்கும் என்கிறாரே, அது எப்படி என்றுதான் கேட்டேன்.

விற்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால் டிரெய்லருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. புதிதாக வந்த ட்ரிக் சூடாக இருக்கும்போதே விற்றாக வேண்டும், டிரெய்லரைப் போல் அதைச் செய்வது வேறெதுவும் இல்லை. பார்வையாளர்கள் எப்படி மயங்குவார்கள் என்பதையும் அது நன்றாகவே காட்டும். எனவே டிரெய்லர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது மட்டும் இருந்தால் வாங்காதீர்கள் என்கிறேன்.

நேரில் செய்துகாட்டுவது

ஸ்வெங்காலி கட்டு என்று ஒரு சீட்டுக்கட்டு. சந்தை மேடையிலும் கடைவீதியிலும் இதை விற்றே பிழைத்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். விற்பவர் கட்டை விரலால் சீட்டுகளைச் சரசரவென்று விட்டுக் காட்டுவார், எல்லாம் வேறு வேறு. ஒன்றை எடுக்கச் சொல்வார், நடுவில் செருகுவார், ஒரு தட்டு தட்டுவார், அது மேலே வந்திருக்கும். மறுபடி செருகுவார், மறுபடி மேலே. கடைசியில் மறுபடி சரசரவென்று விட்டால் கட்டு முழுக்க அதே சீட்டு. மூச்சு விடாமல் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும், பேச்சு நிற்கும்போது காசு வாங்கும் கை நீண்டிருக்கும். அமெரிக்காவில் மார்ஷல் பிரோடியன் இதே வகைக் கட்டைத் தொலைக்காட்சி விளம்பரத்தில் செய்துகாட்டி ஏராளமாக விற்றார். ஜப்பானில் 1931-ல் தொடங்கிய டென்யோ நிறுவனம், பெரிய பல்பொருள் அங்காடிகளில் தனி மேஜை போட்டு, பயிற்சி பெற்ற ஆட்களை நிறுத்திச் செய்துகாட்டி விற்பதையே தன் அடையாளமாக்கிக்கொண்டது.

நேர் டெமோவில் படத்தொகுப்பு கிடையாது. உங்கள் கண், உங்கள் தூரம். சந்தேகம் வந்தால் “இன்னொரு தடவை காட்டுங்க” என்று கேட்கலாம், அவர் காட்டாமல் நழுவினால் அதிலிருந்தே ஒன்று தெரிந்துவிடும். ஆனால் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவர் அதே வித்தையைப் பல்லாயிரம் தடவை செய்தவர். மேஜையின் உயரம், விளக்கு, பின்னால் தொங்கும் துணி, நீங்கள் நிற்கும் இடம் எல்லாம் அவர் வகுத்தது. அதுவும் ஒரு மேடைதான். பக்கவாட்டில் நிற்க உங்களுக்கு இடமே இருக்காது. வீட்டுக்கு வந்து கட்டைக் கையில் எடுத்ததும் அந்தச் சரசரப்பு வராது.

நேர் விற்பனையில் வீடியோ ஒருபோதும் தர முடியாத ஒன்று உண்டு. நல்ல விற்பனையாளர் எதிரில் நிற்பவரின் கையையும் பார்ப்பார். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் மிகக் கடினமான காசு வித்தையைக் கேட்கிறான். அவர் ஒரு சீட்டுக்கட்டை அவன் கையில் கொடுத்துக் கலைக்கச் சொல்கிறார். அவன் கலைப்பதைப் பார்த்துவிட்டு, “இது இப்போ வேண்டாம் தம்பி, இந்தக் கயிறை எடுத்துக்கோ, அடுத்த வருஷம் வந்து அதை வாங்கிக்கோ” என்கிறார். அன்றைக்குப் பெரிய விற்பனை ஒன்று கைவிட்டுப் போகும், ஆனால் அந்தப் பையன் பெரியவனாகும்வரை அதே கடைக்குத்தான் வருவான். மேஜிக் கடைகள் பள்ளிக்கூடமாகவும் இருந்தது இப்படித்தான். இன்று இப்படிப்பட்ட கடை எட்டும் தூரத்தில் இருப்பது பெரும்பாலானவர்களுக்கு வாய்ப்பதில்லை என்பதுதான் இந்த வழிக்கு இருக்கும் ஒரே பெரிய தடை.

வெட்டாத முழு வீடியோ

இணையத்தில் விற்பவருக்கு என் பரிந்துரை இதுதான். ஒரே ஷாட். கேமரா பார்வையாளரின் கண் உயரத்தில். சாமான் பையிலிருந்து வெளியே வருவதில் தொடங்கி மறுபடி பைக்குள் போகும்வரை. கைகள் கேமராவின் பார்வைக்குக் கீழே ஒரு நொடிகூட இறங்காமல். எதிரில் இருப்பவர் நண்பராக இல்லாமல், நடுவில் குறுக்கிட்டுப் பேசுபவராக, கையை நீட்டிச் சாமானைப் பிடுங்கப் பார்ப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. கூடவே, அந்த ட்ரிக்கை ஒரு வாரம் மட்டும் பழகிய ஒருவர் செய்யும் வீடியோ ஒன்றையும் போட்டால் நான் மறுபேச்சில்லாமல் வாங்குவேன். இதைச் செய்யத் துணிந்த விற்பனையாளர்கள் அபூர்வம்.

எதிர்வாதம் வலுவானது, ஒதுக்கிவிட முடியாது. மேடையில் ஒரு தடவை பார்ப்பது வேறு, வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, பின்னால் தள்ளிப் பார்ப்பது வேறு. யூடியூபிலேயே 0.25 வேகத்தில் வைத்துப் பார்க்கலாம். மேஜிக்கின் பாதி பலம் ‘மறுபடி பார்க்க முடியாது’ என்பதில் இருக்கும்போது, முழு வீடியோ அந்தப் பலத்தைப் பிடுங்கிவிடுகிறது. காசு கொடுக்காமல் கண்டுபிடித்துவிடுவார்கள், நகல் எடுப்பவர்கள் அப்படியே அடித்து மலிவாக விற்பார்கள், இதுதான் விற்பவரின் பயம்.

நகல் பயத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் வீடியோவை மறைப்பது அதற்கு மருந்தல்ல. செய்முறையைச் சட்டம் காப்பாற்றுவது அரிது. ஹோரஸ் கோல்டின் என்ற மேடை மேஜிக் கலைஞர் பெண்ணை இரண்டாக அறுக்கும் வித்தைக்கு 1923-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். காப்புரிமை என்றால் வழிமுறை முழுவதும் படத்தோடு பொது ஆவணமாகிவிடும். 1933-ல் ஒரு சிகரெட் நிறுவனம் தன் விளம்பரத்தில் அந்த வித்தையின் ரகசியத்தைப் போட்டே விட்டது. கோல்டின் வழக்குத் தொடுத்தார், 1938-ல் தோற்றார். ‘பென் அண்ட் டெல்லர்’ மேஜிக் ஜோடியில் ஒருவரான டெல்லரின் வழக்கு வேறு மாதிரிப் போனது. பூவின் நிழலை வெட்ட நிஜப் பூவின் இதழ்கள் உதிரும் தன் உருப்படியை அவர் 1983-லேயே ஊமை நாடகமாகப் பதிவு செய்து வைத்திருந்தார். ஐரோப்பாவைச் சேர்ந்த ஒரு கலைஞர் அதேபோன்ற ஒன்றை யூடியூபில் செய்துகாட்டி ரகசியத்தை விற்க முன்வந்தபோது, 2014-ல் அமெரிக்க நீதிமன்றம் டெல்லர் பக்கம் தீர்ப்பு சொன்னது. மேஜிக் செய்முறைக்குப் பதிப்புரிமை கிடையாது, ஆனால் அது நாடகமாக நிகழ்த்தப்படும் விதத்துக்கு உண்டு என்பது அதன் சாரம். விற்பனை வீடியோவே அங்கே விவகாரத்தின் மையமாக இருந்தது என்பதையும் விற்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நகல் அடிக்கும் தொழிற்சாலைக்காரர் உங்கள் வீடியோவைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையே இல்லை. ஒன்றை விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்ப்பார். அவருக்கு அது வியாபாரச் செலவு. டெமோவை மறைப்பதால் தடுக்கப்படுவது நேர்மையான வாடிக்கையாளர் மட்டுமே.

பார்த்தே கண்டுபிடிப்பவர்கள் விஷயத்தில் ட்ரிக்கின் வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நுட்பமாகக் கடைந்த காசு, தனியாக அச்சடித்த சீட்டு, மெல்லிய இயந்திரம் போன்ற கிம்மிக்கில், அதாவது ரகசியச் சாமானில், நிற்கும் ட்ரிக் என்றால் கண்டுபிடித்தாலும் பெரிய நஷ்டமில்லை. அந்தக் கிம்மிக்கைச் செய்ய அவரால் முடியாது, உங்களிடம்தான் வர வேண்டும். சொல்லப்போனால் விஷயம் தெரிந்த வாடிக்கையாளர்கள் பலர் ‘எப்படி என்று ஓரளவு புரிகிறது, நன்றாகச் செய்திருக்கிறார்கள்’ என்பதற்காகவே வாங்குகிறார்கள். மாறாக ட்ரிக் முழுவதும் ஒரே ஒரு யோசனையில் நிற்கிறது, சாமான் எதுவும் இல்லை, வீட்டில் கிடக்கும் பொருளே போதும் என்றால் முழு வீடியோ அந்தப் படைப்பாளியின் வயிற்றில் அடிப்பதுதான். இந்த வகைக்கு நான் விதிவிலக்கு கொடுப்பேன். அதை மாநாடுகளில், விரிவுரைகளில் நேரில் ஒரு தடவை செய்துகாட்டி விற்கட்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஃபிஸம் உலக மேஜிக் மாநாடு மாதிரியான இடங்களில் விற்பனையாளர்களுக்கென்றே கூடம் இருக்கிறது, அங்கே ரீவைண்ட் பொத்தான் கிடையாது.

மனதைப் படிக்கும் வகை வித்தைகளுக்கு முழு வீடியோவும் முழு உண்மை சொல்லாது. அங்கே பல நேரம் வேலை நடப்பது கேமரா ஓடத் தொடங்குவதற்கு முன்னால். அதற்கு ஒரு வரி எழுத்து போதும்: ‘நிகழ்ச்சிக்கு முன் பார்வையாளரிடம் பேச வேண்டியிருக்கும்’. இந்த ஒரு வரியால் ரகசியம் ஒன்றும் போய்விடாது.

உண்மையில் எந்த டெமோவோடும் இப்படிச் சில வரிகள் வர வேண்டும். பின்னால் ஆள் நிற்கலாமா? மேஜை வேண்டுமா? கோட்டு வேண்டுமா? தயார்செய்ய எவ்வளவு நேரம்? தீர்ந்துபோகும் பொருள் ஏதாவது உண்டா? முடிந்ததும் சாமானைக் கையில் கொடுக்க முடியுமா? இதில் எதற்குப் பதில் சொன்னாலும் குட்டு உடையாது. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்வது விற்பவருக்கும் பாதுகாப்பு, ஏனென்றால் ரகசியத்தைத் திருப்பித் தர முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாட்களுக்குள் திருப்பலாம் என்று சட்டம் இருந்தாலும், சம்மதித்துப் பதிவிறக்கத் தொடங்கிய டிஜிட்டல் சரக்குக்கு அந்த உரிமை போய்விடுகிறது. பணம் திரும்பாது என்ற நிலையில் கோபம் மட்டும் மிஞ்சும், அது மதிப்புரைகளில் போய்க் கொட்டும்.

வாங்குபவரின் பார்வையாளர்கள்

விற்பவரும் வாங்குபவரும் அதிகம் யோசிக்காத ஒன்று இன்னும் இருக்கிறது. பொதுவெளியில் கிடக்கும் டெமோவை வாங்கப் போகிறவர் மட்டுமா பார்க்கிறார்? அவருடைய பார்வையாளர்களும்தான். நிகழ்ச்சியில் பார்த்த வித்தையை நாலு வார்த்தையில் தட்டித் தேடினால் முதலில் வருவது விற்பனைப் பக்கமாக இருந்தால், “ஓ, இது காசு கொடுத்தா கிடைக்குற சாமானா” என்று பார்த்தவருக்குச் சப்பென்று ஆகிவிடும். ரகசியம் தெரியாமலே வித்தை செத்துவிடும். தொழிலாக மேடையேறுபவர்கள் டெமோவை எதிர்ப்பதற்கு என் கணக்கில் இதுதான் மிக நியாயமான காரணம்.

இதற்காக வீடியோவை எடுத்துவிட வேண்டியதில்லை. ட்ரிக்கின் பெயரிலும் தலைப்பிலும் அதில் நடக்கும் அதிசயத்தை அப்படியே எழுதாமல் இருக்கலாம். தேடுபொறியில் சிக்காதபடி முழு வீடியோவைப் பதிவுசெய்த வாடிக்கையாளர்களுக்கு மட்டும் திறக்கலாம், வெளியே டிரெய்லரை வைத்துக்கொள்ளலாம். பெரிய விலைக்குப் போகும் மேடை மாயங்களுக்கு, தொழில்முறைக் கலைஞர் என்று உறுதிசெய்த பிறகு தனியாக இணைப்பு அனுப்பும் விற்பனையாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அந்த இணைப்பைக் கேட்டு வாங்கும்போதே பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரு ஷாட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.